பிளாஸ்திரி சுற்றிய கத்திகள்

போன வாரம் ஒரு சபதத்தோடு நிறுத்தியிருந்தோம். அந்த இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

பாத்திரக்கடையின் கல்லாவில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கும் தங்கை, விலை குறைந்த கத்திகளில் எதைக் கடையில் அடுக்குவது என்று அண்ணனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் வேலையாட்கள், வாடிக்கையாளர்கள் எல்லார் காதும் கேட்க இப்படிச் சொல்லிவிட்டாள்: "அண்ணி கை எந்தக் கத்தியச் சொல்லுதோ அதையே அடுக்குவோம். அது மட்டும் தங்கக்கோடா இருந்துட்டா, நான் இந்த நாற்காலிய விட்டு எறங்கிடறேன்."

அண்ணியின் தீர்ப்பு வந்துவிட்டது. தங்கக்கோடுதான்.

அந்தச் சோதனை தங்கை கண்டுபிடித்த முறை. அண்ணன் பளபளப்பைக் கண்டால் மயங்குகிற ஆள் என்பதால், போட்டியில் இருந்த மூன்று கத்திகளின் கைப்பிடியிலும் மருந்துக்கடை வெள்ளை பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினாள். அலகில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தாள். தங்கக்கோடு போட்ட கைப்பிடி எது, பூப்போட்டது எது, மொட்டையான வெள்ளைப்பிடி எது என்று பெற்ற கம்பெனிக்கே தெரியாது. மூன்றையும் அண்ணியின் சமையலறைக்கு அனுப்பி, "ஒரு மாசம் புழங்குங்க. கைக்கு எது நல்லாருக்கோ அதுல ஒரு சிவப்பு நூல் கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

சிவப்பு நூல் தங்கக்கோட்டின் கழுத்தில் ஏறியிருந்தது. அண்ணன் வீட்டிலேயே ஓரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இன்றைக்குக் காலை தங்கை கல்லாவுக்குக் கீழே குனிந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். திரும்பி வந்த கத்திகளுக்கான பெட்டி. இதுவரை கடையில் விற்றுக்கொண்டிருந்த மட்டமான கத்தியின் கல்லறை அது.

வாடிக்கையாளர்கள் கத்தியைத் திருப்பித் தரும்போது கழுவித் தருவதில்லை. கழுவினால் சாட்சியம் அழிந்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. ஒன்றில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்றின் துருவும் தக்காளித் தோலும் ஒன்றுக்கொன்று உறவாகி, எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தன. இன்னொன்றின் கைப்பிடியில் யாருடைய வீட்டு எண்ணெயோ பசையாகி, கையுறை போட்ட விரலையும் விடமாட்டேன் என்றது. மூடியைத் திறந்ததும் எழுந்த வாடையில், பக்கத்தில் கரண்டி பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"பாப்பா, இன்னும் அந்தக் குப்பையையா கிண்டிக்கிட்டு இருக்க?"

காதோரம் நரைத்துவிட்ட தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற உரிமை உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அண்ணன் வந்துவிட்டார். வியாபாரிகள் சங்கத்தின் துணைத்தலைவர் ஆனதிலிருந்து எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் அழைக்கிறார்கள். 'துணை'யைச் சேர்த்துச் சொன்ன ஒரே ஆள் பழைய கணக்குப்பிள்ளை. இப்போது வேறு கடையில் இருக்கிறார்.

"இந்தக் குப்பையாலதானேண்ணே புதுக் கத்தியே தேடுறோம். நிதானமா ஒருதரம் மோந்து பாத்துட்டு முடிவெடுங்க" என்று பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "சீ, தூக்கிப் போடு. சாயந்தரம் விழாவ வச்சுக்கிட்டு."

"கத்தி வாங்குறதுக்கு எதுக்குண்ணே விழா?"

"வாங்கறதுன்னு சொல்லாத. ஒரு பிராண்டோட கைகோக்கறோம்."

"கத்தியோட கைகோத்தா ரத்தம் வரும்ணே."

தலைவர் அதைக் கேட்கவில்லை. தனக்குத் தேவையில்லாததைக் கேட்காமலிருப்பது பதவியோடு சேர்ந்து வந்த திறமை. வாசலில் இரண்டு ஆட்கள் ஏணி போட்டு ஒரு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் தலைவர், தங்கக்கோட்டுக் கத்தியை நெஞ்சோடு அணைத்தபடி, வானத்தில் யாருக்கோ நன்றி சொல்கிறவர் போல நின்றார். கீழே ஒரு வாசகம்: 'கூர்மை எங்கள் குடும்பச் சொத்து.' பத்தடி உயரத்தில் அவருடைய மூக்கு ஜன்னலை மறைத்ததால் கடைக்குள் வெளிச்சம் குறைந்துபோனது.

அந்த நேரத்தில் ஒரு வாசனை உள்ளே வந்தது. அது வந்து சற்று நேரம் கழித்து அதன் உரிமையாளரும் வந்தார். தங்கக்கோட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கடையில் அவருக்குச் சென்ட்டு என்று பெயர். அழுகிய கத்திகளின் வாடையும் அவருடைய வாசனையும் கல்லாவின் மேல் சந்தித்துக்கொண்டதில் மூன்றாவதாக ஒன்று பிறந்தது. அதை எழுத்தில் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

"மேடம், ஒரு சின்ன டெமோ" என்றார் சென்ட்டு. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கையில் தொங்கவிட்டு, புத்தம்புதிய தங்கக்கோட்டை எடுத்து ஒரே இழுப்பில் இரண்டாக்கினார். காகிதம் பட்டுத்துணி மாதிரி விழுந்தது.

"எங்க கஸ்டமருங்க காகிதத்தைச் சமைக்கறதில்ல தம்பி."

"அது கூர்மையக் காட்டறதுக்கு மேடம்."

"கூர்மை எல்லாக் கத்திக்கும் முதல் வாரம் இருக்கும். இந்தக் கைப்பிடியப் பாருங்க. ரெண்டு துண்டச் சேத்து ஆணி அடிச்சிருக்கீங்க. நடுவுல நகம் போகுது. தண்ணி போகாதா?"

"அது டிசைன் மேடம். கை சுவாசிக்கறதுக்கு."

"கைக்கு மூக்கிருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சு."

தலைவர் குறுக்கே புகுந்தார். "போதும் பாப்பா. உன் சோதனை, உன் பிளாஸ்திரி, உன் அண்ணி. ஜெயிச்சது இதுதான். தோத்தா தோத்தேன்னு சொல்லப் பழகிக்க. இப்பப் போய் வீட்லேர்ந்து அந்த மூணு கத்தியையும் எடுத்துட்டு வா. பிளாஸ்திரியோடவே. மேடையில நான் பிரிக்கணும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாவிக்கொத்தையும் கையோட வச்சுக்க. நாலு பேர் முன்னாடி நீயே குடுத்தா உனக்கும் மரியாதை" என்றார்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

கல்லா நாற்காலி என்றால் ஏதோ சிம்மாசனம் என்று நினைக்க வேண்டாம். உறை கிழிந்து பஞ்சு தெரிகிற சாதாரண நாற்காலி. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் சாமானைப் பார்ப்பதற்கு முன்னால் அதில் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பார்கள். "அக்கா, இது நிக்குமா?" என்பார்கள். நிற்கும் என்றால் வாங்குவார்கள், நிற்காது என்றால் வைத்துவிடுவார்கள். அவளுக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு கேள்விதான். அதைத்தான் அவசரத்தில் பந்தயம் வைத்துவிட்டாள்.

*

அண்ணியின் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதற்குச் சொந்தக்காரர் யார் என்று விசாரணை நடக்கும். விருந்தாளிகளை அண்ணி முதலில் அங்கேதான் அழைத்துப் போவார். உட்காரச் சொல்வதெல்லாம் அப்புறம். அடுப்பின் அடிப்பக்கத்தைக்கூடக் குனிந்து பார்க்கச் சொல்வார். பார்த்தவர்கள் பாராட்டும்வரை நிமிர அனுமதி கிடையாது.

தங்கை பின்வாசல் வழியாக நுழைந்தபோது அண்ணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பலகையில் கத்தி ஒரே தாளத்தில் இறங்கி ஏறியது. சீவல் ஒவ்வொன்றும் வெளிச்சம் தெரிகிற மாதிரி விழுந்தது.

கத்தியில் பிளாஸ்திரி இருந்தது. சிவப்பு நூல் இல்லை.

"என்னம்மா சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற" என்று அண்ணி கத்தியைச் சட்டென்று பாத்திரம் துடைக்கும் துணிக்குள் சுருட்டினார்.

"கத்தி வாங்கிட்டுப் போக வந்தேன் அண்ணி. சிவப்பு நூல் கட்டுனது எங்க?"

"அந்தா, மேல."

அலமாரியின் மேல்தட்டில், யாரும் குடிக்காத விருந்தாளிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அது படுத்திருந்தது. தங்கை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். கையில் வாங்கியதுமே ஏதோ உறுத்தியது. பிளாஸ்திரி நேற்றுப் பிறந்தது போல வெள்ளையாக இருந்தது. ஒரு மாதம் புழங்கிய கத்தியின் கைப்பிடி அந்த நிறத்தில் இருக்காது. திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது நான் சுத்தினது இல்ல."

"என்ன உளர்ற?"

"நான் இடக்கைக்காரி. நான் சுத்துனா மடிப்பெல்லாம் இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. வலது கைக்காரங்க யாரோ பிரிச்சுட்டுத் திரும்பச் சுத்தியிருக்காங்க." துணியை விலக்கி, அண்ணி வெட்டிக்கொண்டிருந்த கத்தியையும் எடுத்தாள். "இதுவும் அப்படித்தான்."

அண்ணி அடுப்பைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"வாடை அடிச்சுதும்மா" என்றார் கடைசியில். "பிளாஸ்திரி நனைஞ்சு, கறுத்து, பிசுபிசுன்னு. என் சமையக்கட்டுல அதை எப்படி வச்சுக்கறது? பிரிச்சுக் கழுவிட்டுப் புதுசு சுத்துனேன். அவ்வளவுதான்."

"பிரிச்சப்ப எது எதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"கண்ணு இருக்கே."

"அதுவரைக்கும் எதுல வெட்டிக்கிட்டு இருந்தீங்க?"

தங்கை கையிலிருந்த, நூல் கட்டாத கத்தியின் பிளாஸ்திரியை நகத்தால் பிரித்தாள். உள்ளே ஒரே வார்ப்பாக, எந்தச் சந்தும் இல்லாமல், பள்ளிக்கூடச் சுண்ணாம்புக்கட்டி நிறத்தில் வெள்ளைப்பிடி. மூன்றிலும் விலை குறைந்தது. பார்க்கச் சகிக்காதது.

"சொல்லு, எப்படிச் சொல்றது?" அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "பூப்போட்டது ரெண்டு நாள்ல மழுங்கிடுச்சு. முதல் வாரத்துலேயே கைக்கு இந்த வெள்ளைப்பிடி பழகிப்போச்சு. தக்காளி வெட்டுனா கசங்கல. மீன் வெட்டிக் கழுவுனா வாடை நிக்கல. உங்கண்ணன் தினமும் கேப்பாரு, எதுன்னு. நான் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டுவேன். 'பாத்தியா, உன் கைக்கு உசந்தது எதுன்னு தெரியுது, பரம்பரை அப்படி'ம்பாரு. தங்கக்கோடுன்னு நெனச்சுதான் சொன்னாரு, நானும் அப்படித்தான் நெனச்சேன். பிரிச்சுப் பாத்தா இது. ஹாஸ்டல் சமையக்கட்டுல கெடக்கற கத்தி மாதிரி. எனக்கு அவமானமாப் போச்சு."

"அதனால நூல மாத்திக் கட்டிட்டீங்க."

"நல்லதுக்குத்தானே நூல் கட்டச் சொன்ன? பாக்க நல்லதா இருக்கறதுல கட்டுனேன்."

தங்கை சிவப்பு நூல் கட்டிய கத்தியை மூக்கருகே கொண்டுபோனாள். புதுப் பிளாஸ்திரியின் மருந்து வாசனைக்கு அடியில், எலுமிச்சைச் சாற்றுக்கும் அடியில், வேறொன்று இருந்தது. பூ வைத்துத் தண்ணீர் மாற்ற மறந்துபோன ஜாடியின் அடியில் இருக்குமே, அது.

"அண்ணி, வாடை பிளாஸ்திரிலேர்ந்து வரல. புதுசு சுத்துன பிறகும் வருது."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூக்கு பழகிடும்மா. நான்தான் அதுல வெட்டறதில்லையே. நாலு நாள் வெட்டுனேன், அப்புறம் மேல தூக்கி வச்சுட்டேன்."

நாலே நாளில் தானே தூக்கி வைத்துவிட்ட கத்தியை, ஊர்ச் சனம் வருஷக்கணக்கில் வைத்து வெட்டட்டும் என்று அண்ணி நூல் கட்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினால், சுத்தமான அந்தச் சமையலறையில் தூசியைத் தேடுவது போலத்தான்.

"சாயந்தரம் வந்து உண்மையச் சொல்லிடுங்க அண்ணி. எனக்காக இல்லாட்டியும் வாங்கறவங்களுக்காக."

"அத்தனை பேர் முன்னாடி, எனக்குப் பிடிச்சது அந்த வெள்ளைப்பிடின்னா? உங்கண்ணன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாரு?"

"வாசல்ல பத்தடிக்குக் கட்டி வச்சிருக்காரு. எடம் இல்லாமயா போச்சு?"

"உனக்கென்ன, நாற்காலிதானே? கோடவுன் பக்கம் ஃபேன் போட்டு உக்காந்துக்க. அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்." அண்ணி வெள்ளைப்பிடியைக் கேட்டுக் கை நீட்டினார். "அதைக் கொடுத்துட்டு மத்த ரெண்டையும் எடுத்துட்டுப் போ, நூல் கட்டுனதத்தானே பிரிக்கப் போறாரு. வெங்காயம் பாதில நிக்குது."

*

விழா, கடையின் மாடியில். குக்கர் அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கண்ணாடிச் சாமான் வியாபாரி, பக்கெட் மொத்த வியாபாரி, ஸ்டவ் ரிப்பேர் கடைக்காரர் என்று சங்கமே மனைவி சகிதம் வந்திருந்தது. மேடை மேசையில் ஒரு தட்டு நிறைய ஆப்பிள், பக்கத்தில் பழுத்த பப்பாளி ஒன்று. முதல் வரிசையில் அண்ணி. தங்கை சுவரோரமாக, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் எழுந்தார். அவர் பேசியதை முழுக்க எழுதினால் இந்த இதழில் சமையல் குறிப்புக்குக்கூட இடம் இருக்காது. மனிதன் கல்லை உரசிய காலத்தில் ஆரம்பித்தார். இரும்புக்கு வந்தார். பிறகு எஃகு. பிறகு தன் குடும்பம்.

"விலை குறைஞ்ச கத்தின்னா மட்டமா இருக்கணுமா? ஏழையும் தங்கக்கோட்டைத் தொடணும். அது என் கனவு. இதை எத்தனையோ பரிசோதனைக் கூடத்துல சோதிச்சிருக்கலாம். நான் என் சொந்த வீட்ல சோதிச்சேன். என் மனைவி கையால."

கைதட்டல். அண்ணி தலையைக் குனிந்தார். வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"பாப்பா, நீ ஏதாவது சொல்றியா?" தலைவரின் குரலில் ஜெயித்தவரின் தாராளம்.

தங்கை அண்ணியைப் பார்த்தாள். "அண்ணியே ஒருதரம் வாயால சொல்லிடட்டும்ணே. எது நல்லதுன்னு."

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி தங்கையைப் பார்க்கவில்லை. "சிவப்பு நூல் கட்டுனதுதான்" என்றார்.

காட்டிக்கொடுத்துவிட்டு அண்ணியை நிற்க வைக்கலாம். ஒரு வாக்கியம் போதும், தங்கைக்கு நாக்கின் நுனி வரை வந்தது. புருஷன் வீட்டார் முன்னால், சங்கத்தார் முன்னால், பொய்க்காரி என்று. அவள் அதை விழுங்கினாள். கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

தலைவர் பிளாஸ்திரியைப் பிரித்தார். தங்கக்கோடு மின்னியது. அதே கத்தியால் பப்பாளியைப் பிளந்தார், ஆப்பிள்களைத் துண்டு போட்டார். கத்தி என்னவோ வெட்டத்தான் செய்தது. தட்டு ஒவ்வொரு வரிசையாகப் போனது. சென்ட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். அண்ணி ஒன்று எடுத்துக்கொண்டார், எல்லாரும் பார்க்கிறார்களே. தங்கையிடம் தட்டு வந்தபோது வேண்டாம் என்று கடத்தினாள்.

"பழம் கொஞ்சம் கனிஞ்சிருச்சோ" என்று பக்கெட் வியாபாரி மெல்லக் கேட்டார்.

"ஒரு போட்டோ சார்" என்றார் சென்ட்டு. "பேனர்ல இருக்கற மாதிரியே. கொஞ்சம் மேல தூக்கி."

தலைவர் கத்தியை உயர்த்தினார். அலகு வானத்தைப் பார்க்க, கைப்பிடி கீழே வர, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். அழுத்தியதுதான் தப்பு. இரண்டு துண்டுகளும் சேரும் சந்திலிருந்து காப்பி நிறத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. சொட்டவில்லை. கெட்டியாக, நிதானமாக, கோடு போட்டபடி மணிக்கட்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் புகுந்தது.

கேமரா இரண்டு முறை மின்னியது.

வாடை கொஞ்சம் தாமதமாக எழுந்தது. முன்வரிசை முதலில் மூக்கைப் பிடித்தது. தலைவர் கையை உதறினார். கத்தி மேசையில் விழுந்து, கைப்பிடி ஓர் ஆணியில் பிளந்துகொண்டது. உள்ளே இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கறுத்த பசை. அதில் ஒட்டிய வெங்காயத் தோல். ஒரு மீன் செதில், முத்து மாதிரி பளபளவென்று.

கண்ணாடிச் சாமான் வியாபாரியின் மனைவி, வாயிலிருந்த ஆப்பிளை என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார். பக்கெட் வியாபாரி தேடவில்லை. பக்கத்துக் குக்கர் பெட்டியைத் திறந்துவிட்டார். சென்ட்டு தன் பங்கை ஏற்கெனவே முழுங்கியிருந்தார். முகம் பச்சையாகிக்கொண்டிருந்தாலும் தொழில் அவரைக் கைவிடவில்லை.

"சார், இது பிராடக்ட் பிரச்சினை இல்ல. இது பராமரிப்பு. சில வீட்டு சமையலறையில சுத்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சரியாக் கழுவாத கை..."

அண்ணி எழுந்து நின்றார்.

"யாரோட கை?"

"பொதுவாச் சொன்னேன் மேடம்."

"பொதுவா இல்ல, என் வீட்டுக் கத்தி இது. என் சமையக்கட்டுல ஒரு ஈ உக்காந்து யாராவது பாத்திருக்கீங்களா? இங்க வந்திருக்கறவங்க பாதிப் பேர் என் அடுப்புக்கு அடியிலயே குனிஞ்சு பாத்திருக்காங்க. கேளுங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்தக் கத்திய நாலு நாளுக்கு மேல நான் தொடவே இல்ல. அதுலேயே நாறிப்போச்சு, கழுவி மேல வச்சுட்டேன். மாசம் பூரா நான் வெட்டுனது வெள்ளைப்பிடியில. போய்ப் பாருங்க, இப்பவும் பாதி வெங்காயத்தோட பலகையில கெடக்கு."



நாத்தனாரின் நாற்காலிக்காக வராத உண்மை, வாங்கப்போகிறவர்களுக்காக வராத உண்மை, அடுப்பங்கரையின் கௌரவத்துக்காக ஓடி வந்துவிட்டது.

"அப்ப அந்த நூல்?" என்றார் தலைவர்.

அண்ணி ஒரு கணம் தடுமாறினார். பிறகு கண்ணில் நீர் வந்தது. "நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு கட்டுனேன்."

சபை உச்சுக்கொட்டியது. ஸ்டவ் ரிப்பேர்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொன்னவள் அரை நிமிஷத்தில் பதிவிரதை ஆகிவிட்டாள்.

தலைவரைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நனைந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையை உயர்த்தினார். "பாத்தீங்களா? இதுதான் நம்ம கடையோட நேர்மை. பிளாஸ்திரி சுத்திச் சோதிக்கற முறைய நான் எதுக்குக் கொண்டுவந்தேன்? இந்த மாதிரி உண்மை வெளிய வரணும்னுதான். வெள்ளைப்பிடியே நம்ம கடைக் கத்தி. சாம்பிள் டப்பா கீழ இருக்கு, இன்னிக்கே அடுக்குங்க." கைதட்டல் ஓய்ந்ததும் தங்கையின் பக்கம் குனிந்து, "அதுல ஒரு தங்கக்கோடு போட்டுத் தருவாங்களான்னு கேட்டுப் பாரு பாப்பா" என்றார்.

"தோத்தா நான் எறங்கறேன்னேன். தோக்கலண்ணே" என்றாள் அவள்.

"சபதத்தை எல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். ஆனா இவ்வளவு நடந்தப்புறம் ஜனத்துக்கு நம்பிக்கை வேணும் பாரு. உண்மையச் சொன்ன முகம் கல்லால இருந்தா வியாபாரத்துக்கு நல்லது. அண்ணி உக்காரட்டும். நீ கோடவுன் இன்சார்ஜ். பதவி உயர்வுன்னே வச்சுக்க." கையை நீட்டினார். நல்ல வேளையாக, நனையாத கை.

அவள் சாவிக்கொத்தை அந்தக் கையில் வைக்கவில்லை. மேசையில், பிளந்து கிடந்த கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

*

கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் கிளம்புவதற்குள் அண்ணி கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிழிந்த உறையின் மேல் ஒரு துண்டை விரித்துத்தான் உட்கார்ந்தார். கண்ணீர் காய்ந்து முகம் தெளிவாக இருந்தது.

கடைக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். புதுக் குடித்தனம் என்று பார்த்தாலே தெரிந்தது. துடைப்பமும் வாளியும் வாங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"விலை கம்மியா ஒரு கத்தி வேணும்" என்றாள்.

"ஒரு கத்தியா?" அண்ணி சிரித்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து, மரத்தாங்கியில் ஐந்தாறு கத்திகள் செருகிய பெட்டியை இழுத்து மேசையில் வைத்தார். "குடும்பம்னா செட்டா வாங்கணும்மா. நாலு பேர் வீட்டுக்கு வந்தா சமையக்கட்டப் பாத்துதான் மதிப்பாங்க. ரொட்டிக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு, இது வந்து..." எதற்கென்று அண்ணிக்குத் தெரியவில்லை. "இது அழகுக்கு."

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள். தன் பையைப் பார்த்தாள். பிறகு, வாசல் வரை போய்விட்ட தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ரெண்டு பேருக்கு ஒண்ணு போதாது?"

தங்கையின் ஒரு கால் தெருவில் இருந்தது. தெருவில் காற்று நன்றாக இருந்தது; எந்த வாடையும் இல்லை.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் போகவில்லை. மேசைக்கு முன்னால், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், வாங்க வந்தவர்கள் நிற்கிற இடத்தில் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"ஒண்ணு போதும்மா. தாங்கியில செருகினா ஓட்டைக்குள்ள தண்ணி நிக்கும், கழுவ முடியாது. அவங்ககிட்ட வெள்ளைப்பிடி கேளு. பாக்க நல்லா இருக்காது. அவங்களே ஒரு மாசமா அதுலதான் வெட்டறாங்க."

அண்ணியின் முகம் சிவந்தது. "நீ இங்க வேலை பாக்கறியா, இல்லையா? முதல்ல அதைச் சொல்லு."

"இல்ல அண்ணி. கடைக்கு வந்திருக்கேன்."

பின்னால் ஒரு குரல் கேட்டது. "அக்கா, இந்த வடிகட்டி நிக்குமா?" அதற்குப் பின்னால் இன்னும் ஒருவர், மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு. அவள் மேசையிலிருந்து இரண்டடி வாசல் பக்கம் நகர்ந்தாள்; அவளைப் பார்த்து, கல்லாவுக்கு முதுகு காட்டியபடி ஒரு சின்ன வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

படியில் தலைவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டை மாற்றியிருந்தார். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்று, வரிசை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் கவனித்தார்.